நம் லாரிக்கார அண்ணனுக்கு நினைவுக் கூட்டம்: வரும் ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம்.

ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, அப்புறம் கடைசிவரை நெடுந்தூர லாரி ஓட்டிய நம் அண்ணன் மறைந்து இந்த ஞாயிறோடு ஒரு மாதம். அன்று மாலை 5 மணிக்கு, வழக்கமாகக் கூடும் இடத்திலேயே கூடுகிறோம்.

1. வருகிறவர்கள், எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள்.

2. பேச ஆளுக்கு 3 நிமிடம். 'நல்ல மனிதர்' என்று மட்டும் சொல்லி முடிக்க வேண்டாம். கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி டயர், விளக்கு, சரக்கைக் கட்டிய கயிறு எல்லாம் தொட்டுப் பார்ப்பாரே. ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் ஏறும்வரை, யார் அவசரப்படுத்தினாலும் நகர மாட்டாரே. அப்படி நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

3. சீருடையில் ஒரு படம், லாரி கேபினில் ஒரு படம் கையில் இருக்கிறது. படையை விட்டு வந்து வேலை தேடி அலைந்த காலத்துப் படம்தான் இல்லை. இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும்.

4. போர் பற்றி அவராக எதுவும் பேசியதில்லை. வீட்டாரிடம் துருவிக் கேட்காதீர்கள்.

5. தொடக்கத்தில் 2 நிமிட மௌனம். போனை அணைத்துவிடுங்கள்.

அன்று லோடோடு சாலையில் இருக்கும் டிரைவர் நண்பர்கள் குரல் பதிவு அனுப்பலாம். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பேசுங்கள், சரியா? ஓட்டிக்கொண்டே பேசினால் அண்ணனுக்குப் பிடிக்காது.