படுக்கையில் வைத்த கையெழுத்து

முள்ளியவளை,
28.05.2025

அன்பின் இராசன்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் என்னோடு சண்டை. மிச்ச அரைப் பக்கத்தில் பேத்தியின் படம் இத்துடன் இருக்கிறது என்று எழுதிவிட்டு, படத்தை வைக்க மறந்துவிட்டாய். வட்சப்பில் போடச் சொல்லுங்கள் அப்பா என்று மகள் சொல்கிறாள். முப்பது வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவன் நான், படமும் தபாலிலேயே வரட்டும்.

இங்கே எல்லோரும் சுகம். மனுசிக்கு முழங்கால் நோ, மற்றபடி குறையில்லை. 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலுக்குப் போய் வந்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, உனக்குத் தெரியும். சிறுபோகம் விதைத்தாயிற்று. குளத்தில் தண்ணீர் பரவாயில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். பாப்பரசர் பிரான்சிஸ் மாசி மாதம் ரோமில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, 'மனுசன் விலகி ஓய்வெடுக்கலாமே' என்று போனில் ஒரு வசனம் சொன்னேன். நீ அதைப் பிடித்துக்கொண்டு கூட்டமைப்புத் தலைவராயிருந்த சம்பந்தன் ஐயாவுக்குப் போய், அங்கிருந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வாவுக்குப் போய், கடைசியில் என்னை நன்றி கெட்டவன் என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். 'வருத்தம் வந்தவனை வாசலில் விடுகிற சனம் நாங்கள் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். நல்ல வசனம்தான். ஆனால் கதிரையை விடச் சொல்வதும் வாசலில் விடுவதும் ஒன்றா?

தந்தை செல்வாவை முதலில் எடுப்போம், அதுதான் உன் பெரிய துருப்பு. அவருக்கு பார்க்கின்சன் நடுக்கம் இருந்தது, காதும் மந்தம். குரல் மெலிந்துபோய், அவர் சொல்வதைப் பக்கத்தில் நிற்பவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை. அப்படியே 1977 சித்திரை 26ஆம் திகதி கண்மூடும்வரை தலைவராக இருந்தார். யாராவது விலகு என்றார்களா என்று கேட்கிறாய். அந்த மனுசன் விலகினார் என்பதை மறந்துவிட்டாயா? 1972இல் காங்கேசன்துறை ஆசனத்தைத் தூக்கியெறிந்துவிட்டு, முடிந்தால் இடைத்தேர்தல் வைத்துப் பார் என்று அரசாங்கத்திடம் சவால் விட்டார். அவர்கள் இழுத்தடித்து 1975 மாசியில்தான் வைத்தார்கள். அவர் வென்றார். நடுங்கும் கையையும் கேட்காத காதையும் சனம் நேரே பார்த்த பிறகு போட்ட வாக்கு அது. ஒளித்து மறைத்து எதுவும் நடக்கவில்லை. அதனால் அவர் உன் பக்கத்துச் சாட்சி இல்லை, கொஞ்சம் என் பக்கமும் வருவார்.

சம்பந்தன் ஐயாவின் கதை எனக்குக் கஷ்டம். உன் ஊர் எம்.பி., நீ வாக்குப் போட்டவன். 2020இல் 87 வயது மனுசனை நீங்கள் தெரிந்துதான் அனுப்பினீர்கள். திருகோணமலைத் தமிழருக்குக் கிடைத்த ஒரே ஆசனம் அது. 2023இல் அவருடைய கட்சி எம்.பி. சுமந்திரனே அவரை விலகச் சொல்லி வெளிப்படையாகக் கதைத்தபோது நீ கொதித்தாய். எனக்கும் அந்த விதம் பிடிக்கவில்லை, வீட்டுக்குள் சொல்ல வேண்டியதைத் தெருவில் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் விதத்தை விட்டுவிட்டு விஷயத்தைப் பார். போன வருடம் ஆனி 30ஆம் திகதி, 91 வயதில் அவர் போகும்வரை அந்த ஆசனம் அவருடையதாகவே இருந்தது. கடைசிக் காலத்தில் உன் ஊரில் காணிப் பிரச்சினை ஒன்று வந்தால் நீங்கள் யாரிடம் போனீர்கள்? நீதான் எனக்கு எழுதினாய், கந்தோர் கந்தோராக அலைகிறோம், கேட்க ஆளில்லை என்று. அந்தக் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. தபால்காரனிடம் சண்டைக்கு வந்தால் இதுதான் நடக்கும்.

நமது அரசியலமைப்பின்படி ஒரு எம்.பி. சபையின் அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் ஆசனம் போய்விடும். அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தால் போகாது. ஜனாதிபதிக்கு இன்னும் விசேஷம். 37ஆம் உறுப்புரையின் முதல் பந்தி, வருத்தத்தால் தன்னால் கடமை செய்ய ஏலாது என்று ஜனாதிபதி தானே கருதினால் பிரதமரைப் பதிலுக்கு நியமிக்கலாம் என்கிறது. தானே கருதினால்! நிரந்தரமாக ஏலாது என்று மற்றவர்கள் சொல்லி இறக்குவதற்கு 38 இருக்கிறது. அதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு, பிறகு உயர் நீதிமன்ற விசாரணை, பிறகு மறுபடியும் மூன்றில் இரண்டு. ஆள் உயிரோடு இருக்கும்போது அந்த மலையை யார் ஏறி முடிப்பது? ஆக, பெரும்பாலும் வருத்தக்காரனே தன் வருத்தத்துக்கு நீதவான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று நீ கேட்டிருந்தாய். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

போன வருடம் சித்திரையில் எனக்கு நெஞ்சுவலி வந்து கொழும்பில் பைபாஸ் செய்தது உனக்குத் தெரியும். பிறகு யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டில் இரண்டரை மாதம். அப்போது நான் எங்கள் குளத்துக் கமக்கார அமைப்பின் தலைவர். விலகுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னேன். உடனே எல்லோரும், 'சும்மா இருங்கோ அண்ணை, உங்கட பேர் இருந்தால் போதும்' என்றார்கள். கேட்கச் சந்தோசமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் விலகப் பயமாகவும் இருந்தது. விலகினால் நான் முடிந்துவிட்டேன் என்று நானே கையெழுத்து வைத்த மாதிரி, அடுத்தது பாடைதான் என்ற மாதிரி ஒரு பயம். நெஞ்சைப் பிளந்து தைத்தவனுக்குத்தான் அந்தப் பயம் விளங்கும்.

செயலாளர் பெடியன் பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்தான். கையில் சிறுபோகத் தீர்மானம். எங்கள் குளம் சின்னது, அந்த வருடத் தண்ணீருக்கு நாற்பது ஏக்கர்தான் தாங்கும் என்று நான் படுக்கையில் விழ முன்னமே சொல்லியிருந்தேன். தாளில் 65 என்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பலாம், ஆனால் பார்த்தேன். மருந்து மயக்கத்தில், பெடியனுக்குத் தெரியாதா, ஏதோ கணக்கு இருக்கும் என்று கையெழுத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அவனும் கெட்டவன் இல்லை. ஆட்கள் நெருக்கியிருக்கிறார்கள், அவனால் மறுக்க முடியவில்லை. தலைவர் சம்மதம் என்று காட்ட ஒரு தாள் கிடைத்ததும் எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது. நான் இல்லாத இடத்தில் ஒரு புதுத் தலைவர் இருந்திருந்தால் அவரோடு சண்டை பிடித்திருப்பார்கள், நாற்பதிலோ நாற்பத்தைந்திலோ வந்து நின்றிருக்கும். என் பெயரோடு யாரும் சண்டை பிடிக்கவில்லை.

ஆடியில் தண்ணீர் குளத்து மதகான துருசுக்குக் கீழே போய்விட்டது. கடைவாய்க்கால் வயல்கள், கதிர் வெளிவர முந்திய குடலைப் பருவத்தில் காய்ந்தன. அதில் ஒன்றரை ஏக்கர், புருசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு கிடக்கிற ஒரு தங்கச்சியுடையது. நான் வீடு திரும்பிய கிழமை அவள் தோடம்பழமும் ஒரு போத்தல் ஹோர்லிக்சும் கொண்டு பார்க்க வந்தாள். வயலைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. 'நீங்கள் சுகமாய் இருந்தால் காணும் அண்ணை' என்றாள். அந்தப் போத்தலை மனுசி இன்னும் உடைக்கவில்லை.

அன்றிலிருந்துதான் நான் இந்த வருத்தக்காரத் தலைவர்களின் கதைகளை வேறு விதமாகப் பார்க்கிறேன். எம்.ஜி.ஆரை எடு. 1984இல் அவர் நியூயோர்க் புரூக்ளினில் ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டே ஆண்டிப்பட்டியில் வென்ற சேதி கேட்டு நாங்கள் துள்ளியது ஞாபகமா? இப்போது நினைத்தால், அந்த மாதங்களில் சென்னைக் கோட்டைத் தலைமைச் செயலகத்தில் கோப்புகளுக்கு யார் பதில் எழுதினார்கள் என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை. ஆனால் அவருடைய வருத்தம் ஊரறிந்தது, ஆஸ்பத்திரிப் படத்தையே ஊர் ஊராகக் காட்டித்தான் வாக்குக் கேட்டார்கள். ஜெயலலிதா கதை அதுவுமில்லை. 2016இல் 75 நாள் ஆஸ்பத்திரியில், ஒரு படம்கூட வெளியே வரவில்லை. இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னது பொய் என்று ஓர் அமைச்சரே அடுத்த வருடம் மேடையில் சொன்னார். அந்த நாட்களில் இடைத்தேர்தல் வேட்பாளர்களின் படிவங்களில் அவருடைய கைநாட்டு இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்ட மனுசியின் பெருவிரல் ரேகை! அதை வைத்துத் திருப்பரங்குன்றத்தில் வென்ற வெற்றி செல்லாது என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியை அப்போது வாசித்துவிட்டுச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை, எனக்கும் ஒரு தாள் இருக்கிறது.

அல்ஜீரியாவில் இதைவிட மோசம். ஜனாதிபதி பூத்தபிலிக்காவுக்கு 2013இல் பக்கவாதம் வந்தது. அடுத்த வருடமே மறுபடி ஜனாதிபதியாக வென்றார். விழாக்களுக்கு அவருக்குப் பதிலாகச் சட்டம் போட்ட படத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஐந்தாம் தடவையும் நிற்கிறார் என்றதும் சனம் தெருவில் இறங்கி, 2019 சித்திரையில்தான் இறங்கினார். ஆறு வருடம் அந்த நாட்டை ஆண்டது படமா, படத்தைத் தூக்கி வந்தவர்களா?

நீ கேட்பாய், விலகினவர்கள் மட்டும் என்ன கண்டார்கள் என்று. சிறிமாவோவை நினைத்துப் பார். 2000 ஆவணியில், நீ இங்கே இருந்த காலம். பற்றரிக்குத் தடை, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து நீ பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். நீ களைத்தால் செய்தி வாசிப்பவர் குரலும் களைத்துப் போகும். அப்படித்தான் ஓரிரவு பிரதமர் சிறிமாவோ சுகயீனத்தால் விலகிவிட்டார் என்று கேட்டோம். 84 வயது, சக்கர நாற்காலி. அதில் மகள் ஜனாதிபதி சந்திரிகாவின் தேர்தல் கணக்கும் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ரத்னசிறி விக்கிரமநாயக்க வந்தார். எங்கள் தலைக்கு மேல் கிபிர் குண்டுவீச்சு விமானம் சுற்றியது மாறவில்லை, யார் வந்தாலும் அந்தக் காலத்தில் மாறியிருக்காது. ஆனால் உன் அப்பா அப்போது சொன்னது எனக்குப் பாடம். 'அந்த மனுசியின் காலத்தில்தான் முத்தையன்கட்டில் மிளகாய் வித்து வீடு கட்டினேன், படிக்கிற பெடியங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும் அவதான். சரி, போய் ஆறட்டும்.' இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி 10ஆம் திகதி, தேர்தலன்று வாக்குப் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில் அவர் உயிர் போனது. பிரதமராக இல்லை, ஒரு வாக்காளராக.

நம்மட மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகையும் நோயில் விழுந்த பிறகு 2016இல் பொறுப்பை விட்டார். கத்தோலிக்க ஆயர்கள் 75 வயதில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும் என்று திருச்சபைக்கு ஒரு விதி இருப்பதே அவர் மூலம்தான் எனக்குத் தெரிய வந்தது. 2021இல் அவர் மறைந்தபோது பொறுப்பில் இல்லாத ஆளுக்கு மன்னாரில் கூடிய சனத்தை நீ பார்த்தாய். விலகினால் சனம் மறந்துவிடும் என்ற உன் பயத்துக்கு அது போதாதா?

பாப்பரசரில் தொடங்கினேன், அதிலே ஒரு விஷயம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மடுவுக்கு வந்துபோன அதே பிரான்சிஸ், 2013இல் பதவிக்கு வந்தவுடனேயே, வருத்தத்தால் தன்னால் கடமை செய்ய ஏலாமல் போனால் என்று ஒரு விலகல் கடிதத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார். 2022இல் அவரே ஒரு பேட்டியில் சொன்னார். கடைசிவரை அது தேவைப்படவில்லை, பதவியிலேயே போனார். போனில் நான் சொன்ன வசனத்தை அந்த அளவுக்கு வாபஸ் வாங்குகிறேன். புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதிவைத்த மனுசனுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

அப்புறம், உனக்கு ஒரு வேலை. ஆடிக்குப் பிறகு நான் தலைவர் பதவியை விட்டேன். இந்த வருடம் பங்குனியில் பொதுக்கூட்டம். வேறு யாரும் முன்வரவில்லை, மறுபடியும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்தத் தங்கச்சிதான் என் பெயரை முன்மொழிந்தாள், இராசன். எனக்கு நா எழவில்லை. இந்த முறை நாற்பத்திரண்டு ஏக்கர், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுதினோம், கடைவாய்க்காலுக்கு முதல் தண்ணீர்.

இத்துடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. உள்ளே நான் விலகும் கடிதம், திகதி மட்டும் போடவில்லை. நான் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டால் நீ திகதியைப் போட்டுச் செயலாளருக்கு அனுப்பு. அப்போது நான் போன் எடுத்து, இப்ப சுகம், பொறு என்று கெஞ்சினாலும் கேட்காதே. அந்த நேரத்தில் நான் அப்படித்தான் சொல்லுவேன். உள்ளூரில் யாரிடம் கொடுத்தாலும் பாவம் பார்த்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். என்னை நன்றி கெட்டவன் என்று எழுதக்கூடிய ஆள் நீ ஒருவன்தான், அதனால் உன்னிடம்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உன் வீட்டுத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. மனுசி நெத்தலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். பேத்தியின் படத்தைக் கையோடு கொண்டு வா, இனித் தபாலில் போட வேண்டாம்.

உன்,
யோகன்