புதிய உறுப்பினர்களுக்கு: தயங்காமல் பேசுங்கள்

நண்பர்களே, ஹாம் ரேடியோவில் (அமெச்சூர் வானொலி) வியு3 என்று தொடங்கும் கால்சைன் (அழைப்புக் குறியீடு) கிடைத்தும் சிலர் இன்னும் பேசாமலே இருக்கிறீர்கள். தயக்கமே வேண்டாம்.

முதலில் இரண்டு மீட்டர் பேண்டில் (144–146 மெகாஹெர்ட்ஸ்) நம் ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) கொஞ்ச நேரம் கேளுங்கள். செட்டில் ஷிஃப்ட் (கேட்கும், பேசும் அலைவரிசைகளின் இடைவெளி) மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறதா, டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் மெல்லிய அடையாள ஒலி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டோன் இல்லாவிட்டால் நம் ரிப்பீட்டர் திறக்காது, நீங்கள் பேசுவது யாருக்கும் போய்ச் சேராது. பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தி, ஒரு நொடி கழித்தே பேச்சைத் தொடங்குங்கள். இல்லையென்றால் கால்சைனின் முதல் எழுத்து வெட்டுப்படும். 'விக்டர் யூனிஃபார்ம் த்ரீ' என்று தொடங்கி உங்கள் கால்சைனை நிதானமாகச் சொன்னால் போதும், யாராவது நிச்சயம் பதில் தருவோம்.

ஒருவர் முடித்ததும் சற்று இடைவெளி விடுங்கள். அவசரச் செய்தியோடு காத்திருப்பவர் உள்ளே வர அதுதான் வழி. லாக் (யாரோடு எப்போது பேசினீர்கள் என்ற குறிப்பு) எழுதவும் மறக்காதீர்கள்.

அப்புறம், இன்றிரவு நெட்டில் (எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நேரம்) புதியவர்களைத்தான் முதலில் அழைக்கிறோம்.