ஜூஸ் கடை, பழக்கடை அண்ணன்மாருக்கு: அந்தத் தோலை எனக்குக் கொடுங்கள்

காரைக்குடியில் பழக்கடையும் ஜூஸ் கடையும் நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

ராத்திரி கடை அடைக்கும்போது வாசலில் ஒரு சாக்கு வைப்பீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். அன்னாசித் தோல், வாழைத்தோல், கரும்புச் சக்கை, கூடவே உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் டம்ளர், மீந்த ஐஸ் தண்ணீர் எல்லாம் ஒரே சாக்கில். விடிவதற்குள் மாடு கிழித்துவிடும்.

நான் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். வெளியூரில் இருக்கும் ஓர் ஆச்சியின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் சம்மதத்தோடு இரண்டாங்கட்டில் ஓர் அறை. தடித்த சுண்ணாம்புச் சுவருக்குள் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டால் காளானுக்குத் தோதான குளுமை. சித்திரை வெயிலுக்கு மட்டும் பால்காளானுக்கு மாறிவிடுவேன்.

போன வருஷம் பேராசைப்பட்டேன். ஒரு கடையில் வாங்கிய பச்சைத் தோலை அப்படியே நறுக்கி, வைக்கோலோடு பன்னிரண்டு பைகளில் அடைத்துக் காளான் விதை தூவினேன். ஐந்தாம் நாள் காடி வாசனை. பைக்குள் பச்சைப் பூசணம், அறை முழுக்கக் கொசுவாட்டம் பழ ஈ. பன்னிரண்டும் குழிக்குப் போயின. பழத்தோலில் சர்க்கரையும் தண்ணீரும் அதிகம், காளானுக்கு முன்னால் கண்டது கடியது எல்லாம் பந்திக்கு உட்கார்ந்துவிடும்.

இப்போது வற்றல் போடுகிற மாதிரி முற்றத்தில் மொறுமொறுவெனக் காயவைத்து, நாலு பங்கு வைக்கோலுக்கு ஒரு பங்கு தோல் சேர்த்து, அவித்து, கையில் பிழிந்தால் சொட்டாத பதத்தில் படுக்கை கட்டுகிறேன். மூன்றாம் வாரம் பை முழுக்கப் பஞ்சு வைத்தாற்போல் வெளுத்துவிடும். பிறகு ஜவ்வரிசி அளவில் மொட்டு.

காளானுக்கு வாய் கிடையாது. அதன் இழைகள் நொதிகளை வெளியே சுரந்து, தோலையும் வைக்கோலையும் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். அதில் லாக்கேஸ் என்ற நொதி, வைக்கோலை விறைப்பாக்கும் லிக்னினைச் சிதைப்பது. சில சாயங்களின் நிறத்தையும் போக்கும். கண்டாங்கி நெய்கிற சீமையில் இது சும்மா விடுகிற சங்கதியா? பழச்சாறைத் தெளியவைக்கிற பெக்டினேஸ் நொதியையும் பழத்தோலில் வேறொரு பூஞ்சையை வளர்த்து எடுக்கலாம். அது என் சமையல்கட்டு வேலையில்லை, ஆய்வுக்கூட வேலை. அறுத்து முடித்த படுக்கையிலும் நொதி மிச்சமிருக்கும் என்பதால், ஒன்றைத் தூக்கிக்கொண்டு அழகப்பா பல்கலைக்கழகத்தில் போய்க் கேட்கலாமென்று இருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். மூடி போட்ட வாளி நான் தருகிறேன். தோலும் சக்கையும் மட்டும் அதில். சாத்துக்குடி, எலுமிச்சைத் தோல் வேண்டாம். அந்தத் தோலில் உள்ள எண்ணெய் காளானுக்கு ஆகாது. தினம் கடை அடைக்கும் நேரத்தில் நானே வண்டியில் வந்து எடுத்துக்கொள்வேன். நேற்றைய தோலென்றால் புளித்திருக்கும், அதை மாட்டுக்கே கொடுத்துவிடுங்கள்.

காசு கொடுக்க இப்போதைக்கு வசதியில்லை. முதல் அறுப்பில் கடைக்குக் கால் கிலோ காளான் கொண்டுவருகிறேன். சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டுப் பிரட்டுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதுவே விடும்.

இப்படிக்கு,
ஒரு காளான்காரி