கயலுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாடித் தொட்டி ஒழுகியது சரியாகிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரிய அத்தை வழக்கம்போலத்தான். உனக்குப் பதவி உயர்வு வந்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். விட்டுப்போன பால்காரருக்கும் அப்பா சொல்லிவிட்டார்.

கவிதாவின் நிச்சயதார்த்தப் பந்தியில் இரண்டு முறை எழுந்து போனாய். போன் வந்தது என்றாய். உன் போன் கைப்பையோடு என் மடியில் இருந்தது.

அன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. வேறொன்று சொல்கிறேன்.

என் வேலைக்காலம் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை எண்ணியே கழிந்தது உனக்குத் தெரியும். லீஷ்மேன் சாயம் ஏற்றிய ஸ்லைடில் நூறு வெள்ளை அணுக்களை எண்ணினால் பாதிக்கு மேல் அவைதாம். உட்கரு இழையில் கோத்த மணிகள்போல இரண்டு, மூன்று, ஐந்து மடல்களாகக் கிடக்கும். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் உண்டாக்குகிறது. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடுவதும் அவைதாம்.

உன் குடல் அழற்சி வியாதியில் அவை குடலுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. உட்சுவரைக் கடந்து சுரப்பிக் குழிகளில் சீழாகத் தேங்குகின்றன. 2016இல் உன் பயாப்சி அறிக்கையில் ‘கிரிப்ட் ஆப்சஸ்’ என்று இருந்ததே, அதுதான். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளையும் ஆக்சிஜன் வேதிப்பொருட்களையும் அங்கேயே கொட்டுகின்றன. சுவர் அரிக்கிறது; புதிய செல்கள் வளர்ந்து மூடுகின்றன; மறுபடியும் அரிக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தால் செல்களின் டி.என்.ஏ.வில் பிழைகள் சேர்கின்றன. அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்று ஜெர்மன் மருத்துவர் விர்ஹோ 1863இலேயே சொல்லிவிட்டார். கட்டி வந்துவிட்டால் சில நியூட்ரோஃபில்கள் அதற்கே துணை போகின்றன; அதை எதிர்க்கும் டி செல்கள் என்ற வேறு வெள்ளை அணுக்களை அடக்கிவைக்கின்றன. கிருமியைப் பிடிக்க டி.என்.ஏ. வலையை விரிக்கும் என்று 2004இல் பெர்லினில் கண்டுபிடித்தார்களே, அந்த வலையில் அலையும் புற்றுச் செல்கள் சிக்கி வேறு உறுப்பில் தங்கிவிடுவதும் உண்டாம்.

ஆனாலும் அவற்றைத் திட்ட எனக்கு மனம் வராது. பிறவியிலேயே நியூட்ரோஃபிலுக்குக் கிருமியைக் கொல்லும் திறன் இல்லாத குழந்தைகளுக்கும் குடல் அழற்சி வருகிறது. இருந்தாலும் தொல்லை, செயலற்றுப் போனாலும் தொல்லை.

மாத்திரையை நிறுத்தாதே. நிறுத்திவிட்டாய் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதே. வலி இல்லாவிட்டாலும் உள்ளே அழற்சி இருக்கலாம். தலைவலிக்கு நீயாகக் கடையில் புரூஃபென் வாங்கி விழுங்காதே. அடங்கியிருப்பதை அது கிளப்பிவிடக்கூடும். மாத்திரையையும் நிறுத்தாதே.

மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்த்துவிடு. நியூட்ரோஃபிலில் நிறைந்திருக்கும் புரதம் அது. பொதுவாகக் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் குடல் அமைதியாக இருக்கிறது என்று கொள்வார்கள். மூடியிலேயே சிறு கரண்டி வைத்த டப்பா தருவார்கள், கைப்பையில் அடங்கும். அலுவலகம் போகிற வழியில் கொடுத்துவிடலாம். உன் மாமியாருக்குத் தெரிய வேண்டாம் என்றால் தெரியாமலே முடியும். மாப்பிள்ளைக்குத் தெரியும்தானே? தெரிந்தவர் துணைக்கு இருக்கும்போது என்ன தயக்கம்?

குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியை மட்டும் அப்படி மறைக்க முடியாது. நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனால் புற்றுக்கான கண்காணிப்பைத் தொடங்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உனக்கு எட்டு தாண்டிவிட்டது. பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் குறைந்ததற்கு மறுகூட்டலுக்கு எழுதிப்போட்டவள் நீ. அந்தப் பெண்ணா இதற்கு நாள் தள்ளுகிறாள்? மாறி வரும் செல்களைக் கட்டியாகும் முன்பே கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்கிறார்கள்.

அதனால் இங்கே வந்துவிடு. பொங்கலுக்குக் கூட்டம் இருக்கும். அடுத்த வாரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடு. பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் கீரை, கொய்யா கிடையாது. முதல் நாள் மாலை பேதி மருந்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். இரவெல்லாம் கழிவறையைப் பூட்டிக்கொண்டு இரு, இந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். அப்பாவிடம் அலுவலக வேலையாக வருகிறாய் என்று சொல்லிவைக்கிறேன். பழைய அறிக்கைக் கோப்பு என் பீரோவில்தான் இருக்கிறது. நீ தேட வேண்டாம்.

அன்புடன்,
அம்மா