முருகேசனுக்கு, கோவில்பட்டியிலிருந்து

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? மதினிக்கு முட்டுவலி தேவலையா? பேத்தி பேச ஆரம்பித்திருப்பாள். பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடாததற்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைத் திட்டியிருப்பீர்கள், சரி, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம், ஒருத்தனைத் தவிர. கடையில் ஆள் நிற்கும்போது போனில் பேச முடியாத சங்கதி, வீட்டில் அவன் இருக்கும்போது அதைவிட முடியாது. அதனால்தான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார்த்தி முகத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான்டா. கன்னம் இரண்டும் ரத்தச் சிவப்பு. தோலுக்கு அடியில் நூல் நூலாக ரத்தக்குழாய் தெரிகிறது. நெற்றி முழுக்கப் பரு, காது ஓரத்தில் பூனைமுடி அடர்ந்து கிடக்கிறது. வாசலில் நின்று பேப்பர் எடுத்தாலே "எரியுதுப்பா" என்கிறான். உனக்கு விளக்க வேண்டுமா என்ன? பார்த்தவுடனே பையைக் கவிழ்த்தேன். வாலைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிய டியூப்பு ஒன்று விழுந்தது. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், அதோடு மோமெட்டசோன் என்கிற ஸ்டீராய்டு. மங்குக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தால் சில வாரம் போட்டு நிறுத்த வேண்டிய மருந்து. இந்தப் பயல் பவுடர் மாதிரிப் பூசியிருக்கிறான்.

நம் கடையில் வாங்கவில்லை. காலேஜ் பக்கத்தில் ஏதோ கடை. ஸ்டீராய்டு களிம்பை எல்லாம் 2018-லேயே ஷெட்யூல் எச்-சில் சேர்த்தாகிவிட்டது, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. யார் கேட்கிறார்கள்? என் கடைக்கே தினமும் போனில் படத்தைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். "சீட்டு இருக்கா?" என்றால் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். முன்பெல்லாம் கல்யாணம் நிச்சயமான பெண்கள்தான் கேட்டு வருவார்கள். இப்போது பாதிப் பேர் பையன்கள். நீ மெடிக்கல் ரெப்பாகப் பை தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில் காத்துக் கிடந்தபோது இதை எத்தனை பெட்டி தள்ளினாய் என்று ஒருநாள் கணக்குக் கேட்கப்போகிறேன், தயாராக இரு.

மதுரையில் தோல் டாக்டரிடம் காட்டினோம். சட்டென்று நிறுத்தினால் இன்னும் சீறும், படிப்படியாகத்தான் விடுவிக்க வேண்டும் என்றார். தோல் தேறப் பல மாதம் ஆகலாமாம். முதல் இரண்டு வாரத்தில் ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கி முகத்தை வெளுப்பாகக் காட்டுகிறது, அதில்தான் பிள்ளைகள் மயங்குகிறார்கள். அப்புறம் தோல் மெலிந்துபோகும். விட்டால் எரிச்சல், விடாவிட்டால் இன்னும் மெலிவு. இந்த முகத்துக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்களாம், ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று. அவ்வளவு பேர் வருகிறார்கள்.

இதுவரை சொன்னது உடம்புக் கதை. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "எதுக்குடா இதைப் போட்ட?" ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கேம்பஸ் இன்டர்வியூ வருதுல்லப்பா. முன்னாடி போய் உட்காரணும்ல. கொஞ்சம் பளிச்சுன்னு இருந்தா ஒரு கான்ஃபிடன்ஸ்." அவ்வளவுதான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே கதையை நான் டிவியில் பார்த்திருக்கிறேனே!

ஞாபகம் இருக்கிறதா, அந்த ஏர் ஹோஸ்டஸ் விளம்பரம்? ஃபேர் அண்ட் லவ்லிக்காரர்கள் எடுத்தது. மகள் கறுப்பு, சம்பளம் கம்மி. அப்பா, தன்னைத் தாங்க ஒரு பையன் இல்லையே என்று புலம்புவார். மகள் கிரீம் பூசுவாள், வெளுப்பாள், விமானத்தில் வேலை கிடைக்கும், அப்பா முகம் மலரும். கறுப்பு ஒரு குறை, பெண்ணாய்ப் பிறந்தது இன்னொரு குறை, இரண்டுக்கும் ஒரே டியூப்பு. மாதர் சங்கத்துக்காரர்கள் விடாமல் சண்டை போட்டு, 2003-ல் மத்திய அரசு அதை நிறுத்தச் சொன்னது. நம் லட்சுமி அக்கா கையெழுத்து வாங்க வந்தபோது நீ "விளம்பரம்தானே அக்கா, விடுங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாய். அதே ஆண்டு அந்தக் கம்பெனி பெண்கள் முன்னேற்றத்துக்கு என்று ஒரு அறக்கட்டளையும் தொடங்கியது. அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

கார்த்தி பிறந்தது 2004. அந்த விளம்பரத்தை அவன் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஒரு வரி விடாமல் எனக்கே சொல்லிக் காட்டினான். நிறுத்திய விளம்பரம் எந்த வழியாக அவனுக்குள் போனது? அதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவன் பூசிய களிம்புக்கு விளம்பரமே கிடையாது, டாக்டர் சீட்டு மருந்துக்கு விளம்பரம் செய்யவும் கூடாது. மற்ற கிரீம்கள் எல்லாம் நாற்பது வருடமாகப் பாடிப் பாடி ஆசையை ஊட்டிவிட்டன. அந்த ஆசையை அறுவடை செய்வது இந்தப் பேசாத டியூப்பு.

ஹாஸ்டலில் நம் அறையில் சோப்புப் பெட்டிக்கு அடியில் இருந்த ஃபேர் அண்ட் லவ்லி டியூப்பு யாருடையது என்று இன்றுவரை முடிவாகவில்லை. அந்தோணி வார்டன் கையில் சிக்கியபோது நீ "எங்க அக்காவுக்கு வாங்கினது சார்" என்றாயே, உனக்கு அக்காவே கிடையாது! நம்மைப் போல ஒளித்து வைத்துப் பூசியவர்கள் நாடெங்கும் இருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் இமாமிக்காரன் 2005-ல் ஆண்களுக்கென்றே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் கொண்டுவந்தான். பிறகு ஷாருக்கான் வந்து, பெண்கள் கிரீமை ஏன் திருட்டுத்தனமாகப் பூசுகிறாய் என்று நம்மையே கேலி செய்தார். திருட்டுத்தனம்தான் தப்பு, பூசுவது தப்பில்லை!

இன்னொன்று, ஃபேர் அண்ட் லவ்லி பெட்டிக்குள் ஒரு அட்டை இருக்குமே, நினைவிருக்கிறதா? கறுப்பிலிருந்து வெளுப்பு வரை வரிசையாக நிறம் அச்சடித்தது. கன்னத்தோடு ஒட்டிவைத்து, போன வாரம் எங்கே இருந்தோம், இந்த வாரம் எங்கே என்று பார்க்க வேண்டும். கண்ணாடி முன்னால் ஒரு பெண்பிள்ளை அந்த அட்டையைக் கன்னத்தில் வைத்து நிற்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் மார்க் போட்டது போதாதென்று தோலுக்கும் மார்க். 2019-ல்தான் அதை எடுத்தார்கள். அடுத்த வருடம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரன் முழங்காலால் அழுத்திக் கொன்றான். உலகமே கொதித்தது, ஜூலையில் அந்த கிரீமின் பெயர் மாறியது, க்ளோ அண்ட் லவ்லி என்று. 1975-லிருந்து இருந்த பெயர். இந்த ஊர்ப் பெண்கள் இத்தனை வருடம் பட்டதற்கு மாறாதது, அமெரிக்காவில் ஒருவர் செத்ததும் ஒரு மாதத்தில் மாறியது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நம் ஊரில் விற்ற வெளுப்பு வகையையே நிறுத்திவிட்டது, அதைப் பாராட்ட வேண்டும். மற்றபடி என் கடையில் இன்றைக்கும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், நானும் எடுத்துக் கொடுக்கிறேன்.

விதி இல்லாமல் இல்லை. கறுப்பாக இருப்பவர்களைச் சோகமாக, வேலை கிடைக்காதவர்களாக, மாப்பிள்ளை அமையாதவர்களாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர கவுன்சில் 2014-லேயே எழுதி வைத்தது. அதனால் இப்போது சோக முகம் காட்டுவதில்லை, வெளிச்சத்தில் ஒரு வெள்ளை முகத்தைத் திருப்பிக் காட்டுவதோடு சரி. மீதியைப் பார்க்கிறவனே நிரப்பிக்கொள்வான், பாடம் மனப்பாடம் ஆயிற்றே. நிறத்தை வெளுக்க வைப்பதாக விளம்பரம் செய்தால் ஜெயில், 10 லட்சம் அபராதம் என்று 2020 பிப்ரவரியில் ஒரு சட்ட வரைவு வெளியிட்டார்கள். அடுத்த மாதம் ஊரடங்கு.

எனக்குப் பிடித்த ஆள் வயநாட்டுச் சிற்பி ஒருவர். மம்மூட்டி நடித்த சோப்பு விளம்பரத்தைப் பார்த்து, இந்தச் சோப்பைப் போட்டால் அழகு தேடி வரும் என்கிறீர்களே, எனக்கு வரவில்லையே என்று 2015-ல் நுகர்வோர் மன்றத்துக்குப் போய்விட்டார். கம்பெனி 30,000 ரூபாய் கொடுத்து சமாதானம் செய்துகொண்டது. விளம்பரத்தை அப்படியே நம்பியதுபோல் நின்று கேட்டார் பார், அதுதான் சரியான அடி. உன் சாய் பல்லவி வெளுப்பு கிரீம் விளம்பரத்துக்கு 2 கோடி வேண்டாம் என்றதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் விளம்பரக்காரனை மட்டும் திட்டி முடிக்கவும் மனசு வரவில்லை. கார்த்தி பிறந்தபோது எங்கள் அம்மா முதலில் பார்த்தது காதோரத்தைத்தான். "காது கறுப்பா இருக்கு, வளர வளர நிறம் மங்கிரும்" என்றாள். குங்குமப்பூவும் பாலும் எங்கள் வீட்டில் டிவி வருவதற்கு முன்பே இருந்தது. அதைத்தான் நம் சென்னைக் கம்பெனி 1998-ல் ஃபேர்எவர் டியூப்பில் அடைத்துத் திருப்பி நமக்கே விற்றது. கருவாயன் என்று அவனைத் தெருவில் கூப்பிட்டதெல்லாம் சொந்தக்காரப் பிள்ளைகள்தான், எந்தக் கம்பெனியும் சொல்லிக்கொடுத்ததில்லை.

உன் மருமகள் மலப்புரத்துக்காரி என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். அவர்கள் ஊர்ப் பக்கம் கோட்டக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில் 2021 முதல் 2023 வரை வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அதில் அபூர்வ ரகம். அந்த 15-ல் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். கிரீமில் கலந்த பாதரசம்டா. லேபிளில் தயாரித்தவன் முகவரி இல்லாத டப்பா எதையும் வீட்டுக்குள் விடாதே என்று சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திக்கு கோயம்புத்தூரில் அடுத்த மாதம் ஒரு இன்டர்வியூ. முகம் இப்படி இருக்கும்போது போக மாட்டேன் என்றான். பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். முருகேசன் மாமா வீட்டில் தங்கிக்கொள் என்று நானே சொல்லிவிட்டேன். அவன் வரும்போது முகத்தைப் பற்றி வாயைத் திறக்காதே. "இப்போ பரவாயில்லையே" என்றும் சொல்லாதே, அதுவும் பேச்சுத்தான். கருவாயன் ஜோக் எதையும் எடுக்காதே, உன் வாய் எனக்குத் தெரியும். மதினியிடமும் மஞ்சள், கடலைமாவு என்று வைத்தியம் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவை, அந்தத் தோல் எதையும் தாங்காது. பைக்கில் வெயிலில் கூட்டிக்கொண்டு அலையாதே, ஆட்டோவில் அனுப்பு, காசு நான் தருகிறேன்.

அவனிடம் கடலைமிட்டாய் கொடுத்துவிடுகிறேன். சர்க்கரை ஏறிவிடும் என்று மதினி பிடுங்கி வைத்தால் என்னைக் கேட்காதே.

உன்,
சுப்பையா