அணியத்தையும் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூரின் தெம்பனிஸ் விரைவுச்சாலையில் கண்ட காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. நானும் மகளும் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகைக் கார்க் கூரையில் ஏற்றிக்கொண்டு செம்பவாங் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். பொங்கோலை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன காரின் மேலிருந்த சிவப்புக் கயாக்கின் முனை ஆடத் தொடங்கியது. பக்கத்துத் தடத்தில் ஒரு லாரி கடந்ததும் அது ஒரு சாண் எழும்பி, 'தப்' என்று விழுந்தது. அந்தக் காரை ஒட்டி இரண்டு மோட்டார் சைக்கிள்கள். ஹார்ன் அடித்து, விளக்கைப் போட்டுக் காட்டி, அடுத்த திருப்பத்தில் விரைவுச்சாலையை விட்டு காரில் இருந்தவர்களை இறங்க வைத்தோம்.

இளம் தம்பதி. கயாக்கின் நடுவில் இரண்டு பட்டைகள் மட்டும் போட்டிருந்தார்கள். "கடையில இது போதும்னு சொன்னாங்கக்கா" என்றார் அந்தப் பெண். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் கயாக் வாங்கிய புதிதில் நானும் அப்படித்தான் கட்டினேன்.

ஒருவர் உட்காரும் பிளாஸ்டிக் கயாக் 20, 25 கிலோதான் இருக்கும். நீளமோ 3 மீட்டரிலிருந்து 5 மீட்டர்வரை. கார்க் கண்ணாடியில் மோதி மேலே திரும்பும் காற்று, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அடியிலிருந்து தூக்குகிறது. வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால் அந்த விசை நான்கு மடங்காகிவிடும். அடுக்குமாடி புளோக் வாசலில் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது அசையாமல் இருந்த கயாக், விரைவுச்சாலையில் எழும்புவது இதனால்தான். போதாக்குறைக்கு ஏப்ரல் முதல் நவம்பர்வரை விடியற்காலையில் வரும் சுமத்ராப் புயற்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். கயாக்கோடு நாம் கிளம்புவதும் அந்த நேரத்தில்தானே?

என் அப்பா நாகப்பட்டினக் கரையில் வளர்ந்தவர். படகின் முன்பக்கத்தை அணியம் என்பார். என் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அணியத்தைக் கட்டாம இது என்னம்மா கட்டு?" என்று கேட்டவர் அவர்தான். அன்றிலிருந்து பட்டைகளோடு, அணியத்திலிருந்து இரண்டு கயிறுகளை இரு பக்கமும் விரித்து, பானெட்டுக்கு அடியில் போல்ட்டில் மாட்டிய கண்ணிகளில் கட்டுகிறேன். பின்முனைக்கும் கயிறு உண்டு. மீந்த நுனி தொங்கினால் சக்கரத்தில் சிக்கும், அதனால் சுருட்டிச் செருகிவிடுவேன். நைலான் கயிறு மழையில் நனைந்தால் நீண்டு தொய்யும், பாலியஸ்டர் வாங்குங்கள். நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டாம். வெயிலில் இளகிய பிளாஸ்டிக்கை அது நசுக்கிவிடும். கையால் இழுத்து இறுக்கும் பக்கிள் பட்டையே போதும். பட்டையில் ஒரு முறுக்கு விட்டுப் போட்டால் காற்றில் அதிர்ந்து ஊளையிடாது. கிளம்பிய 10 நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி, எல்லாக் கட்டையும் தொட்டுப் பாருங்கள். மழை பெய்தால் மறுபடியும் பாருங்கள். (பலமாடி கார் நிறுத்துமிடத்தின் உயரக் கம்பியையும் நினைவில் வையுங்கள். நாங்கள் ஏற்றுவது இறக்குவதெல்லாம் திறந்தவெளி நிறுத்துமிடத்தில்தான்.)

கயாக் கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது என்று என் மகளுக்குப் பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். மிக நல்ல விஷயம். ஆனால் தண்ணீரில் கவிழ்ந்தால் நனைவது அவள் ஒருத்திதான். சாலையில் கயாக் பறந்தால் அடிபடுவது பின்னால் வருகிற, கயாக்கையே தொட்டிராத யாரோ. என் அண்ணன் மகன் தினமும் அதே சாலையில் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான்.

கயாக்கும் கூரைக் கம்பிகளும் விற்பவர்கள் அணியக் கயிற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பயிற்சியாளர்கள் முதல் வகுப்பிலேயே கால் மணி நேரம் ஒதுக்கி, கட்டுவது எப்படி என்று செய்து காட்ட வேண்டும். மகளின் பயிற்சியாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த வகுப்புக்கு என் காரையும் கயிறுகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாசகி