ஞாயிறு நடை: பேசிக்கொண்டே போவோம்

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 5.30க்குக் கானாடுகாத்தான் ஊருணிக் கரையில் கூடுகிறோம். பெரிய வீட்டுத் தெருக்களைச் சுற்றிவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பலாம்.

பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்குத் தெரியும், முகம் பார்த்துச் சொல்ல வராதது பக்கத்தில் நடக்கும்போது தானாக வரும். போன வாரம் தூக்கமில்லாமல் தவித்த ஓர் அண்ணன் நாலு தெரு பேசாமல் வந்தார், ஐந்தாவது தெருவில் வாய் திறந்தார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) யாரும் அறிவுரை சொல்லவில்லை, நல்லவேளை!

தலைக்கு 50 ரூபாய், முதியோர் இல்லத்து அரிசிக்கு. சில்லறையாகக் கொடுங்கள், போன தடவை எல்லோரும் ஐந்நூறு நோட்டை நீட்டினீர்கள்.

அப்புறம், ராத்திரி மனசு கனத்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

நடை முடிந்ததும் பணியாரமும் காரச் சட்னியும் உண்டு.